எஃகு தொடும் இடங்கள்

மூன்று மாதம் முன்பு ஒரு தனிப் பாதுகாவலர் தன் பிஸ்டலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். காம்பேக்ட் அளவு, அலுமினியம் பிரேம், வயது ஆறோ ஏழோ. "நல்லாத்தான் சார் இருக்கு. சும்மா ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். ஸ்லைடு பளிச்சென்று இருந்தது. பேரலுக்குள் ஒரு தூசு இல்லை. கிரிப் தகட்டின் ஸ்க்ரூ மட்டும் அசையவில்லை. எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து மறுநாள் திருகியபோது, தகட்டோடு சேர்ந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது. பழைய ஸ்கூட்டர் பேட்டரியின் முனையில் பூத்திருக்குமே, அந்த மாதிரி. துடைத்துப் பார்த்தால் ஸ்க்ரூ இறங்கும் எஃகு புஷ்ஷைச் சுற்றி அலுமினியம் சொத்தைப் பல் போலக் குழிந்து கிடந்தது.

"தினமும் துடைக்கிறேனே சார்" என்றார் அவர். பொய்யில்லை. வெளியே துடைத்திருக்கிறார்.

எஃகு ஒரு உலோகம், அலுமினியம் வேறொரு உலோகம், நடுவே உப்பு வேர்வை. மூன்றும் சேர்ந்தால் மின்கலம். அந்தச் சண்டையில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். பிரேமின் மற்ற இடமெல்லாம் புதிதாகவே இருந்தது. எஃகு தொட்ட இடத்தில்தான் நோய்.

மறைத்து எடுத்துச்செல்லும் சிறிய பிஸ்டலுக்கு எந்தப் பிரேம் நல்லது, எஃகா, அலுமினியமா, பாலிமரா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு இந்த முறை பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்த பிறகு கேள்வியையே கொஞ்சம் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. பிரேம் எதனால் ஆனது என்பதைக் காட்டிலும், அதை எஃகு எங்கெங்கே தொடுகிறது, அங்கே என்ன காவல் போட்டிருக்கிறார்கள் என்பது ஆர்மரருக்கு முக்கியம்.

முதலில் எடைக் கதையை முடித்துவிடுவோம். கேட்பவர்களில் பாதிப் பேர் எடைக்காகத்தான் கேட்கிறார்கள். அடர்த்தி நம்மில் பலருக்கு மனப்பாடம்: எஃகு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், 7075 அலுமினியக் கலவை 2.8, கண்ணாடி இழை கலந்த நைலான் ஏறத்தாழ 1.4. இந்தக் கணக்கை அப்படியே பிஸ்டலுக்குப் போட்டால், பாலிமர் பிரேம் அலுமினியத்தில் பாதி எடைதான் இருக்க வேண்டும். தராசில் வைத்துப் பாருங்கள். செக் நாட்டு சிஇசட் வரிசையில் 75 காம்பேக்ட் எஃகு, பி-01 அலுமினியம், பி-07 பாலிமர். மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு, மூன்றும் 9 மி.மீ. சொந்தத் தம்பிகள் என்று சொல்ல முடியாது, பங்காளிகள். எஃகிலிருந்து அலுமினியத்துக்கு இறங்கும்போது நூறு கிராமுக்கு மேல் குறைகிறது. அலுமினியத்திலிருந்து பாலிமருக்கு வந்தால் குறைவது சில தோட்டாக்களின் எடை மட்டுமே.

காரணம் எளிது. ஸ்லைடு, பேரல், ஸ்பிரிங், மேகசின் எல்லாம் இந்த மூன்றிலும் எஃகுதான். பாலிமர் பிரேமுக்குள்ளும் எஃகுத் துண்டுகள் புதைந்திருக்கின்றன. போதாததற்கு, பிளாஸ்டிக்கின் விறைப்பு குறைவு என்பதால் சுவரைத் தடிப்பாக வார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே எடையை மட்டும் காரணம் காட்டி அலுமினியத்தைத் தள்ளிப் பாலிமரை வாங்குகிறவர் ஏமாந்து போவார். எஃகைத் தள்ளினால் அது வேறு விஷயம். இடுப்புக்கு வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

கைக்கும் தெரியும். ஒரே தோட்டாவைச் சுடும்போது பின்னுதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் ஏறும். நிறைத்த நிலையில் எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் உதை ஒன்றரை மடங்கு. "பாலிமர் வளைந்து கொடுத்து உதையை வாங்கிக்கொள்ளும்" என்று கடைக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, உச்ச அதிர்வு சற்று மழுங்கும். ஆனால் உந்தம் எங்கும் போய்விடாது. மணிக்கட்டுதான் வாங்க வேண்டும்.

இனி எஃகு தொடும் இடங்களுக்கு வருவோம். இந்தத் துறையின் முக்கால் நூற்றாண்டு வரலாறே அந்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகக் காவல் போட்ட வரலாறுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் அதிகாரிகளுக்கு இலகுவான ஒரு பிஸ்டலைத் தேடியது. அந்தத் தேடலில் பிறந்ததுதான் கோல்ட் கமாண்டர், 1911 குடும்பத்தின் அலுமினிய வாரிசு. 1911இல் தோட்டா மேகசினிலிருந்து ஏறி அறைக்குள் போகும் சரிவின் கீழ்ப்பாதி பிரேமிலேயே வெட்டப்பட்டிருக்கும். உருண்டை மூக்குத் தோட்டா வழுக்கிக்கொண்டு போய்விடும். குழிமூக்குத் தோட்டா வந்தபோது அதன் விளிம்பு சரிவைச் சுரண்ட ஆரம்பித்தது. மேலே இருக்கும் அனோடைஸ் படலம் எஃகை விடக் கடினம்தான், ஆனால் மைக்ரான் கணக்கில்தான் அதன் தடிமன். அது போனால் அடியில் இருப்பது மெத்து அலுமினியம். சரிவைப் பிரேமிலிருந்து எடுத்துப் பேரலோடு சேர்த்து எஃகிலேயே செய்த பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. பழைய அலுமினிய 1911 எதுவாவது உங்கள் மேசைக்கு வந்தால், டார்ச் அடித்து முதலில் அந்தச் சரிவைப் பாருங்கள்.

ஜெர்மனியில் இன்னொரு பாடம். போர்க்கால வால்தர் பி38 எஃகுப் பிரேம். 1957இல் மேற்கு ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கொண்ட வடிவம் அலுமினியம், பின்னாளில் பி1 என்று பெயர் மாறியது. சுடச்சுட, பூட்டும் கட்டை வந்து இடிக்கும் இடத்தில் பிரேம் சோர்ந்தது. 1970களின் நடுவில் அந்த இடத்தில் குறுக்கே ஓர் அறுகோண எஃகுத் தண்டைச் செருகினார்கள். இன்றைக்கும் பி1 வாங்குகிறவர்கள் பிரேமின் பக்கவாட்டில் முதலில் தேடுவது அந்த அறுகோணத்தைத்தான். சிக் சாவர் பி220 குடும்பத்தில் பேரல் இறங்கி மோதும் இடத்தில் தனியாக ஓர் எஃகுத் துண்டு பிரேமுக்குள் உட்கார்ந்திருப்பதும் இதே அறிவுதான்.

பாலிமர் வந்தபோது இந்தக் காவலை வார்ப்பிலேயே போட்டுவிட்டார்கள். ஹெக்லர் அண்ட் கோக் 1970இல் விபி70ஐக் கொண்டுவந்தாலும், உலகம் திரும்பிப் பார்த்தது 1982இல் ஆஸ்திரிய ராணுவம் குளோக் 17ஐ எடுத்துக்கொண்டபோதுதான். ஸ்லைடைக் கழற்றிப் பிரேமைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள்: சுண்டுவிரல் நகமளவு நான்கு எஃகு ஓரங்கள், அவ்வளவுதான். ஸ்லைடு ஓடுவது அந்த நான்கின் மேல். சுற்றியிருக்கும் நைலானுக்கு வேலை பிடித்துக்கொண்டிருப்பது மட்டும்.

2018இல் வந்த சிக் பி365 ஒரு படி மேலே போனது. டிரிகர் இயக்கம், ஓரங்கள், பதிவு எண் எல்லாம் சேர்ந்து ஓர் எஃகுச் சட்டம். பாலிமர் என்பது அதன் மேல் மாட்டும் சட்டைதான். சட்டை கிழிந்தால் வேறு சட்டை. பதிவு எண் எஃகில் இருப்பதால் துப்பாக்கி அதேதான். அதே எஃகுச் சட்டத்துக்கு அலுமினியப் பிடியும் வருகிறது. "எந்தப் பிரேம்?" என்ற கேள்வி இங்கே வந்து பாதி செத்துவிடுகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, மறைக்க விரும்பவில்லை. ரூகர் பி95இல் ஸ்லைடு பாலிமரின் மேலேயே ஓடும், எஃகு ஓரம் கிடையாது. ஆண்டுக்கணக்கில் உழைத்தவை நிறைய. ஆனால் அது தடித்த, பெரிய துப்பாக்கி. சட்டைக்குள் ஒளிக்க எண்ணிச் செய்ததல்ல.

சிறிய பிஸ்டலில் ஏன் இந்த இடங்கள் இன்னும் மோசமாக அடிவாங்குகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்லைடு குட்டை, எடை குறைவு, ஆகவே வேகம் அதிகம். அது ஓட இருக்கும் தூரமும் குறைவு. அதை நிறுத்தும் ஸ்பிரிங்குக்கு இடமில்லாமல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டைத் திணிக்கிறார்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் மீதி வேகத்தைப் பிரேம்தான் வாங்கும். குட்டைப் பிஸ்டல்களுக்கு ஸ்பிரிங் மாற்றும் இடைவெளியைக் கையேடுகள் குறைத்துச் சொல்வது சும்மா இல்லை. நம் ஊர் ஆயுத அறைகளில் ஸ்பிரிங்குக்கு என்று ஒரு பதிவேடு நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். சுட்ட ரவுண்டுக்கு ஒவ்வொன்றாகக் கணக்கு உண்டு, எந்தத் துப்பாக்கியில் எந்தத் தேதியில் ஸ்பிரிங் மாறியது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள்.

அலுமினியத்துக்குச் சோர்வு எல்லை கிடையாது, எவ்வளவு சிறிய சுமையானாலும் போதுமான முறை ஏற்றினால் வெடிக்கும். எஃகுக்கு அப்படியில்லை, ஓர் எல்லைக்குக் கீழே காலமெல்லாம் தாங்கும். பாடநூலில் படித்தது சரிதான். ஆனால் ஆண்டுக்கு இருநூறு ரவுண்டு சுடுகிற பாதுகாவலர் அந்த எண்ணிக்கையை எந்தப் பிறவியில் தொடப்போகிறார்? அவருடைய துப்பாக்கி சுட்டுத் தேய்வதைவிட வேர்த்துத்தான் அதிகம் தேயும்.

அந்த வேர்வைதான் இங்கே பெரிய விஷயம். மறைத்து எடுத்துச்செல்லும் பிஸ்டல்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்காக வடிவமைக்கப்பட்டவை. அங்கே 1987இல் ஃபுளோரிடா உரிமத்தை எளிதாக்கியதிலிருந்து அந்தச் சந்தை பெருத்துக்கொண்டே வந்தது. ஃபுளோரிடாவும் புழுக்கமான ஊர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மே மாதச் சென்னையில் சஃபாரி சட்டைக்குள், பனியனுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம் இருக்கும் துப்பாக்கியை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. இஷாப்பூரில் செய்யும் பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ, பழைய பிரௌனிங் ஹை-பவர் அச்சில் வந்த முழு எஃகு. அதைச் சுமந்தவர்களின் கிரிப் தகட்டுக்கு அடியில் காபித் தூள் நிறத்தில் துரு பார்த்திருப்பீர்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நம்புகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். வேர்வையின் உப்பு அதையும் புள்ளி புள்ளியாகத் தின்னும், கொஞ்சம் காலம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவே.

டைட்டானியம்? வேர்வை அதை ஒன்றும் செய்யாது. கான்பூரில் 2014இல் வந்த நிர்பீக் .32 ரிவால்வர் டைட்டானியக் கலவைதான், எடை ஏறத்தாழ அரைக் கிலோ. கடைசல் வேலையும் விலையும் கையைக் கடிக்கும். எஃகோடு உரசும் இடத்தில் ஒட்டிப் பிடிக்கும் குணமும் அதற்கு உண்டு. ஆட்டோ பிஸ்டல் பிரேமுக்கு அதை நான் இப்போதைக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பாலிமர் பிரேம் வேர்வையைச் சட்டை செய்வதில்லை. நைலான் ஈரம் உறிஞ்சும், உண்மை. உறிஞ்சினால் விறைப்பு சற்றுக் குறைந்து, உடையும் குணமும் குறையும். வெயிலில் நின்ற காருக்குள் உருகிவிடும் என்ற பயம் வேண்டாம். நைலான் 66 உருக 260 டிகிரி வேண்டும். நான் பயப்படுவது சாலிடரிங் அயர்ன் வைத்து வீட்டிலேயே பிடியில் புள்ளி குத்துகிறவர்களைக் கண்டுதான். சுவர் மெலிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து என்னிடம் வந்தவை இரண்டு. பின்கள் செருகும் துளைகள் நீள்வட்டமாகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

என் தீர்ப்பு இது. தினமும் உடம்போடு வைத்து, எப்போதாவது சுட்டு, மாதம் ஒருமுறை கழற்றுவதே அதிகம் என்கிறவருக்குப் பாலிமர், அதுவும் எஃகுச் சட்டம் தனியாக வரும் வகை. மாதம் முந்நூறு ரவுண்டாவது சுட்டுப் பழகுகிற, கிரிப் தகட்டைக் கழற்றத் தயங்காத, ஸ்பிரிங் தேதி எழுதிவைக்கிற ஆளுக்கு அலுமினியம். அவர் கையில் அது பாலிமரை விட நன்றாகச் சுடும் என்பது என் அனுபவம். எஃகு, உதை தாங்காத மணிக்கட்டுக்கும் பயிற்சித் திடலுக்கும். எஃகை இடுப்பில்தான் வைப்பேன் என்று அடம்பிடிப்பவரிடம் எண்ணெய்க் குப்பியையும் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

அலுமினியப் பிரேம் வைத்திருக்கும் ஆயுத அறைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சோதனையில் கிரிப் தகடுகளைக் கட்டாயம் கழற்றுங்கள். ஸ்லைடு ஸ்டாப் துளை, முன் ஓரம், பேரல் மோதும் இடம் மூன்றிலும் சிவப்புச் சாயம் பூசி, பத்து நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்துப் பாருங்கள். அலுமினியத்தில் காந்தச் சோதனை நடக்காது, இதுதான் வழி. வெடிப்போ குழியோ கிடைத்தால், பதிவு எண் தெரியாமல் படம் எடுத்து, சுட்ட ரவுண்டு எண்ணிக்கையும் கடைசியாக ஸ்பிரிங் மாற்றிய தேதியும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். தேதி தெரியாவிட்டால், தெரியாது என்றே எழுதுங்கள். அதையும் அச்சிடுவோம்.