கையில் அறுந்தது எது?

நம் சங்க அன்பர் ஒருவரின் மனைவி சென்ற ஆண்டு தேங்காய் மூடியைக் கத்தியால் நெம்பியபோது, கத்தி வழுக்கி இடது ஆள்காட்டி விரலின் அடியில் ஆழமாக இறங்கிவிட்டது. ரத்தம் நின்ற பிறகும் விரல் மடங்கவில்லை. இங்கே மும்பையில் ஒரு மருத்துவமனைக்கு ஓடினார்கள். தமக்குத் தெரிந்த இந்தியில் "நஸ் கட் கயீ" என்றார் அன்பர்.

நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். இந்திக்காரரின் 'நஸ்'ஸும் அப்படியே. ஆனால் காப்பீட்டுப் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் ஐ.சி.டி.-10 குறியீடுகளுக்கு இந்தத் தாராள மனம் கிடையாது. மணிக்கட்டிலும் கையிலும் தோல் வெட்டுப்பட்டால் எஸ்61, உணர்ச்சி நரம்பு என்றால் எஸ்64, ரத்தக் குழாய் எஸ்65. விரலை மடக்கும் தசைநாண், அதாவது டெண்டன், எஸ்66.

அந்த அம்மாளுக்கு அறுந்திருந்தவை இரண்டு தசைநாண்கள். விரலடியில் இரண்டும் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. தைத்தாலும் உறையோடு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் இந்த இடத்துக்கென்றே தனிக் கட்டணக் குறியீடு உண்டு, அதுவும் ஒவ்வொரு தசைநாணுக்கும். மருத்துவர் நன்றாகவே தைத்தார். டிஸ்சார்ஜ் தாளில்தான் 'வெட்டுக்காயம், தையல்' என்று முடித்துவிட்டார்கள். காப்பீட்டார் தோல் தையலுக்கு உண்டானதைக் கொடுத்துக் கைகழுவினர். ஆபரேஷன் குறிப்பின் நகலை வாங்கி அனுப்பி, நான்கு மாதம் கழித்தே மீதி வந்தது.

எந்த விரல், எந்த இடம், எத்தனை தசைநாண், நரம்பும் சேர்ந்து அறுந்ததா என்று தாளில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். கேட்க நமக்கு என்ன கூச்சம்? காப்பீட்டார் பணம் தர மறுத்தால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். தைத்த தசைநாண் முழு பலம் பெறச் சுமார் 12 வாரம் ஆகும். அதுவரை பிஸியோதெரபிதான் பாதி வைத்தியம். பல பாலிசிகளோ வீடு திரும்பிய பின் 60 நாள் செலவோடு கணக்கை மூடிவிடுகின்றன. மீதி மூன்று வாரத்துக்கு மேல் யார் கொடுப்பது? அந்த அம்மாள் 60-ஆம் நாளோடு பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டார். இன்றைக்கும் மாவு பிசையும்போது அந்த விரல் பாதி மடங்கி நின்றுவிடுகிறது.