என் முகத்துக்கு யார் புரூஃப் பார்ப்பது?

எங்கள் தெருமுனையில் கேமரா வைக்க வசூல் செய்தபோது ஆயிரம் ரூபாய் கொடுத்தவன் நான். மனமுவந்துதான் கொடுத்தேன். அதற்கு முந்தைய மாதம்தான் பால் வாங்கப் போன என் மனைவியின் தாலிச் செயினை அறுத்துக்கொண்டு பைக்கில் பறந்தார்கள். பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்காரர் வைத்திருந்த கேமராவில் வண்டி எண் பதிந்திருந்தது. பத்தே நாளில் ஆள் சிக்கினான். கேமராவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று மடக்குவீர்கள்.

என்ன பயம் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பத்திரிகையில் புரூஃப் பார்ப்பது என் வேலை. கடைசிப் பக்கத்தை முடித்து வண்டியை எடுக்க ராத்திரி ஒன்றரை ஆகிவிடும். ஒருநாள் பாலத்தடியில் தடுப்பு போட்டு நிறுத்தினார்கள். லைசென்ஸைக் காட்டினேன், ஆபீஸ் அட்டையைக் காட்டினேன். என் மகன் வயதுப் போலீஸ்காரர் ஒருவர், "ஹெல்மெட்டைக் கழட்டு. கண்ணாடியையும் எடு. இங்க பாரு" என்று செல்போனை மூஞ்சிக்கு நேரே நீட்டினார். வெளிச்சம் கண்ணில் அடித்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றி நின்றது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "சார், இந்தாளு ஒத்துப்போறான்."

யாரோடு? எங்கோ வீடு புகுந்து திருடிய ஒருவனோடு. அவனுக்கும் முன்வழுக்கை, அவனுக்கும் மீசை. விடியும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வாங்கி வைத்த என் செல்போனில் மனைவி அழைத்துக்கொண்டே இருந்தாள். அது அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை நகர்ந்து வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துப் பேச விடவில்லை. ஐந்து மணிக்கு, "நீ இல்லப்பா, போ." அவ்வளவுதான். "என் படத்தை அழிச்சிட்டீங்களா சார்?" என்றேன். "அதெல்லாம் எங்க கையில இல்ல."

பிறகு யார் கையில்தான் இருக்கிறது?

தெருமுனைக் கேமரா, திருட்டு நடந்தபின் திருடனைத் தேடியது. பாலத்தடிச் செல்போன், திருட்டே நடக்காத இடத்தில் என்னைத் தேடியது. இரண்டும் ஒன்றா?

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அந்த நோக்கத்துக்கு மிஞ்சிக் கை நீளக் கூடாது. அன்றிரவு அந்தச் செய்திக்குப் புரூஃப் பார்த்தவன் நான். முக அடையாளக் கருவிக்கென்று நம் நாட்டில் தனிச்சட்டமே கிடையாது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள வழி வைத்தாயிற்று. 2024 மே மாதம் தமிழகக் காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே ஹேக்கர்கள் புகுந்தார்கள். அந்தச் செய்தியில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்தேனே தவிர, ஒருநாள் என் முகமும் அங்கே போய்க் கிடக்கும் என்று நினைக்கவில்லை.

அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரப் போலீஸார் 2020இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை இப்படி மென்பொருள் சொன்னதை நம்பி, மனைவி மக்கள் கண்ணெதிரே விலங்கு பூட்டிக் கூட்டிப்போனார்கள். அவர் வழக்குப் போட்டார். 2024இல் அந்நகரம் 3 லட்சம் டாலர் கொடுத்தது. போலீஸுக்கான விதிகளையும் மாற்றியது. எனக்கு டாலர் வேண்டாம். எங்கள் பத்திரிகையில் ஒருவர் பெயர் மாறி அச்சானால், மறுநாள் கட்டம் கட்டி 'வருந்துகிறோம்' என்று போடுவோம். அந்த ஒற்றை வார்த்தை போதும். ஒரு முகத்தையே மாற்றிப் படித்தவர்களிடம் அதைக் கேட்க எந்தக் கதவைத் தட்டுவது?

இப்போது நான் பாலத்தடி வழியாக வருவதில்லை. நான்கு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வருகிறேன். தப்பு செய்யாதவன்தான், சுற்றிக்கொண்டு வருகிறேன்.