தரவையின் அடியைப் பாராமல் அணையா?

"யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்ற பேச்சு எழும்போதெல்லாம் வரைபடத்தில் ஒரு நீலக் கோடு இழுக்கப்படுகிறது. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்கும் உப்பாற்றுக்கும் நீர் கொண்டு செல்வதே பொறியியலாளர் ஆறுமுகத்தின் திட்டம். 1960களில் நடந்த வேலை குறையில் நின்றது. அத்திட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. கரையோர உவர்த் தரவைகளின் அடியில் என்ன கிடக்கிறது என்று கேளாமலே அணை பேசுவோரை எதிர்க்கிறோம்.

ஓரிடத்தில் தடித்த களி, அயலில் மணல், அதன்கீழ் பொந்தும் வெடிப்பும் நிறைந்த சுண்ணாம்புக்கல். களியின்மேல் நீர் தங்கும். வெடிப்பில் தங்காது, நன்னீர் போன வழியே கடலும் வரும். மேலே நின்று பார்ப்பவனுக்கோ எல்லாம் ஒரே தரவைதான்!

இதனை அறிய வழியுண்டு. உருக்குத் தகடொன்றை நிலத்தில் வைத்துச் சம்மட்டியால் அடித்தால், வரிசையாக நட்ட அதிர்வுமானிகள் அதிர்வு வந்துசேரும் நேரத்தைப் பதியும். நீரூறிய சேற்றில் அதிர்வு செக்கனுக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் செல்லும். இறுகிய சுண்ணாம்புக்கல்லில் 3,000 மீற்றருக்கு மேலும் ஓடும். இந்த வேறுபாட்டைக் கொண்டு கல் எத்தனை அடி ஆழத்தில் உள்ளதெனக் கணிக்கலாம்.

ஆயினும் இச்சாட்சி முற்றும் அறிந்த சாட்சியன்று. நீரூறிய களியையும் மணலையும் எளிதிற் பிரித்துச் சொல்லாது. துளையிட்டு மண்ணெடுத்தே உறுதிசெய்ய வேண்டும். அழுகிய பூண்டுகளின் வாயு சேற்றில் நிறைந்திருந்தால் அலையே மங்கிவிடும். நீர் உவரா, நன்னீரா என்பதையோ அது சொல்லவே மாட்டாது. அதற்கு மின்தடை அளவீடு வேண்டும். ஒற்றைச் சாட்சியோடு வழக்கை முடிக்க வரும் நிபுணரையும் நாம் ஏற்கமாட்டோம்.

கமக்காரருக்கு இதிலென்ன? கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறக்குறைய 40 அடி நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது என்பது பொதுவிதி. புகையிலையும் வெங்காயமும் அந்த ஓரடியை நம்பியே நிற்கின்றன. கோடு இழுப்பவர்களுக்குத் தோட்டக் கிணறு இல்லை!

ஆகவே, புதிய அணைக்கு ஒரு கல் வைக்குமுன் தரவைகளின் அடி அளக்கப்பட வேண்டும். அளவீடும் துளைப் பதிவும் தமிழில் அச்சாகிக் கமக்காரர் அமைப்புகளின் கைக்கு வரவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அறிக்கையைக் கேட்கும் உரிமையைப் பிரசைகளுக்குத் தந்துள்ளது. இரந்து நிற்பானேன்? எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் ஆணைக்குழுவரை மேன்முறையீடு செய்யுங்கள். மனு வரைந்து தர நாம் வருகிறோம்.