பல் பிடுங்குமுன்

உடலுறுப்புக்களுள் பல்லைப் போல எளிதிற் கைவிடப்படுவது பிறிதொன்றில்லை. கண் நோவெடுப்பின் கண்ணைக் காக்க விரைகின்றோம். கால் நோவெடுப்பின் காலைக் காக்க விரைகின்றோம். பல் நோவெடுத்தாலோ, "பிடுங்கி எறிந்துவிடுங்கள்" என்று வைத்தியர்க்கு நாமே தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். கொல்லிமலைக்கு அணித்தாயுள்ள எருமப்பட்டி போன்ற ஊர்களில் இதனைப் பெரிதும் காணலாம். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் வட்டாரத்து ஓட்டுநர், பல நாள் வடநாட்டுச் சாலைகளில் நோவைப் பொறுத்து, வீடு திரும்பிய இரண்டொரு நாளில் அப்பல்லை ஒழித்துச் செல்லவே விரும்புவர். அந்நிலையில் வைத்தியர் எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்று வேண்டுமெனின், வீண்செலவென்பர் சிலர். கதிர் உடலைக் கெடுக்குமென்பர் சிலர். எல்லாம் வைத்தியரின் வருவாய்க்கே என்பர் வேறு சிலர். இம்மூன்று கூற்றினுள் எத்துணை உண்மையுளது என்பதை ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் வீண்செலவென்பதை எடுத்துக்கொள்வோம். மழை குறைந்த நம் சமவெளியில் ஆழ்துளைக் கிணறு போடக் கருதும் குடியானவர், நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து, அதற்கெனப் பொருளும் கொடுத்து, நிலத்தின்கீழ் யாதுளதென்று கேட்ட பின்னரே துளையிடத் துணிவர். நிலத்தின் கீழுள்ளதை அறிய விரும்பும் அவர், ஈறின் கீழுள்ளதை அறிய வேண்டாவெனல் பொருந்துமா? பல்லிற் கண்ணுக்குத் தெரிவது ஒரு பகுதியே. வேர் தாடையெலும்பினுள் மறைந்துளது. நெருங்கி நிற்கும் இரு பற்களின் இடுக்கில் உண்டான சொத்தை, வேர்நுனியிற் சீழ் கட்டியதால் எலும்பு கரைந்த இடம், ஈறுநோயால் எலும்பு தேய்ந்த அளவு, சாய்ந்து புதைந்து கிடக்கும் கடைவாய்ப்பல், பால்பல்லின் கீழ் முளைக்கக் காத்திருக்கும் நிலைப்பல் ஆகிய இவற்றைப் படமே தெளிவுறக் காட்டும். வேரும் எலும்பும் உறுதியாயிருப்பின் வேர்ச் சிகிச்சையாற் பல்லை நிலைநிறுத்தலாம். இன்றேல், களைவதே தக்கதென்று ஐயமின்றித் துணியலாம். வேர்ச் சிகிச்சைக்குப் பன்முறை வருதல் வேண்டும், பொருளும் மிகுதியாக வேண்டும் என்பதை மறுக்கின்றிலேம். வறுமையால் ஒருவர் பல்லைக் களையவே நேரிடினும், காக்கத்தக்க பல்லா அன்றா என்பதை அறிந்தேனும் களைதல் நன்று.

இரண்டாவது, அச்சம். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1895 நவம்பர் 8-ஆம் நாள் இக்கதிரைக் கண்டார். 1896 ஜனவரியிலேயே ஓட்டோ வால்காப் என்னும் பல் வைத்தியர், 25 நிமிட நேரம் கதிரைச் செலுத்தித் தம் பற்களைப் படமெடுத்தார். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து எட்மண்ட் கெல்ஸ், கதிரின் தன்மை அறியப்படாத அந்நாளில் அதனைத் தம் கையிற் பலகாலும் பட விட்டமையால் புற்றுநோய் கண்டு, விரல்களையும் பின்னர்க் கையையும் இழந்து, 1928-இல் மறைந்தார். நிற்க. இற்றை நாட் பொறியில் கதிர் பாய்வது ஒரு நொடியிற் சிறு கூறே. மண்ணினின்றும் வானினின்றும் இயற்கையாகவே நம்மீது படும் கதிர், உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்டாகும். இக்காலக் கருவியில் எடுக்கும் சிறு பற்படம் ஒன்றனால் வருவது ஏறத்தாழ 0.005 மில்லிசீவர்ட், அஃதாவது ஒரு நாளில் இயற்கை தருவதற்கு ஏறக்குறைய ஒப்பானது. கருவுற்ற மகளிரும் வைத்தியர்க்குத் தம் நிலையை உரைத்து, தேவையான படத்தை எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் இப்பொறிகளைக் கண்காணித்தற்கு 1983-இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் உளது. ஆகவே, அச்சம் அளவிறந்தது. ஆயினும், சிறிதாயினும் கதிர் கதிரே. பயனின்றி அதனை ஏற்றல் அறிவுடைமையன்று.

இனி மூன்றாவது கூற்று. இதனை யாம் முற்றும் தள்ளுகின்றிலேம். நாற்காலியில் அமர்ந்தவுடன், வாயைத் திறந்து பாராமலே, வருவோர் அனைவர்க்கும் படமெடுத்தல் முறையாகாது. அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2012-இல் வெளியிட்ட நெறிமுறைகள், நோயாளரின் வரலாற்றைக் கேட்டு, வாயைச் சோதித்த பின்னரே படத்தின் தேவையைத் துணிய வேண்டுமென்கின்றன. சொத்தைக்கு இடமுள்ள சிறுவர்க்கு 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், அத்தகைய இடரில்லாத பெரியோர்க்கு 24 முதல் 36 மாதங்களுக்கு ஒருமுறையும் கடைவாய்ப் படம் போதுமென்பது அந்நெறி. அன்றியும், படம் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. வெற்றிலை பாக்கோடு புகையிலையும் மெல்லுவோர் கன்னத்தில் தோன்றும் வெண்திட்டையும் ஆறாப் புண்ணையும் வைத்தியரின் கண்ணும் விரலுமே கண்டறிதல் வேண்டும். அவற்றைப் பாராது படத்தை மட்டும் பார்ப்பாராயின், பல்லைக் காத்து உயிரைக் கோட்டைவிட நேரும்.

இங்குதான் குடும்பப் பல் வைத்தியரின் அருமை விளங்குகின்றது. தந்தையின் ஈறுநோயையும் மகளின் பால்பற்களையும் ஆண்டுதோறும் கண்டுவருபவர், யார்க்கு எப்பொழுது படம் வேண்டும், யார்க்கு வேண்டா என்பதை அறிவர். முன்னைப் படத்தைப் பேணி வைத்து இன்றைப் படத்தோடு ஒப்பிட்டால், எலும்பு தேய்கின்றதா நிலைத்துளதா என்பது புலனாம். வைத்தியரை மாற்ற நேரின் அப்படத்தை உடன்கொண்டு செல்லுதல், மீண்டும் படமெடுக்கும் செலவையும் கதிரையும் தவிர்க்கும்.

ஆதலின், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூறுவேம். உங்கள் தந்தையாரோ பாட்டியாரோ பல் நோவோடு வைத்தியசாலைக்குப் புறப்படின், நீங்களும் உடன் செல்லுங்கள். "பிடுங்குமுன் படம் பார்த்தீர்களா?" என்று பணிவோடு கேளுங்கள். படமெடுக்கச் சொன்னால், "இதில் எதனைக் காண விழைகின்றீர்கள்?" என்றும் கேளுங்கள். எடுத்த படத்தின் படியொன்றைப் பெற்று வீட்டில் வையுங்கள். இவ்வினாக்களுக்கு நல்ல வைத்தியர் மகிழ்ந்து விடையிறுப்பர். எழுதப் படிக்க அறியாத பெற்றோர்க்காக இவற்றைக் கேட்டறிதலும், நாம் கற்ற கல்வியால் அவர்க்குச் செய்யத்தக்க உதவிகளுள் ஒன்றென்பதே எம் கருத்து.