திருவள்ளூரில் பிறந்த ஜப்பான் கார்! - லேன்சரை விற்க ஏன் மனசு வருவதில்லை?

திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் போகிறவர்களுக்குக் கடம்பத்தூர் ஸ்டேஷன் நன்றாகப் பழகிய பெயர். ஆனால், அதற்குப் பக்கத்தில் உள்ள அதிகத்தூரில் ஒருகாலத்தில் ஜப்பான் கார் தயாரானது என்று இன்றைய கல்லூரி மாணவர்களிடம் சொன்னால், 'நம்ம மாவட்டத்துலயா?' என்று ஆச்சர்யப்படுவார்கள்.

ஆமாம், நம்ம மாவட்டத்தில்தான்! ஒரகடத்தில் 2010-ல் நிசான் தொழிற்சாலை திறக்கப்படுவதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே திருவள்ளூரிலிருந்து மிட்சுபிஷி லேன்சர் வெளியே வந்துவிட்டது. அந்தக் கார் ஷோரூமிலிருந்து மறைந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் ஏதாவது கல்யாண மண்டப வாசலில் பளபளவென்று ஒரு பழைய லேன்சர் நின்றால், நாலு பேராவது நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கம்பெனியே கைவிட்ட ஒரு காரை அதன் சொந்தக்காரர்கள் ஏன் கைவிடுவதில்லை? பழைய லேன்சர் ஒன்று விலைக்கு வந்தால் நீங்கள் வாங்கலாமா?

மூன்று வைரத்தின் கதை

1870-ல் இவாசாகி யதாரோ என்பவர் தொடங்கிய கப்பல் தொழிலில் இருந்து வளர்ந்ததுதான் மிட்சுபிஷி குழுமம். ஜப்பானிய மொழியில் 'மிட்சு' என்றால் மூன்று. 'ஹிஷி' என்பது நீரில் விளையும் ஒரு வகைக் கொட்டை; வைர வடிவத்தையும் அந்தப் பெயரிலேயே சொல்வார்கள். மூன்று வைரம் சேர்ந்த லோகோ இப்படித்தான் வந்தது.

1917-ல் கோபே நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் 'மாடல் ஏ' என்ற காரை உருவாக்கினார்கள். ஜப்பானில் ஒரே மாதிரியாக வரிசையாகத் தயாரான முதல் கார் அதுதான். எல்லாம் கைவேலை. மொத்தமே 22 கார்கள்தான் தயாராகின. 1970-ல் கார் தயாரிப்பு மட்டும் தனியாகப் பிரிந்து மிட்சுபிஷி மோட்டார்ஸ் ஆனது. மூன்றே வருடத்தில், 1973-ல், லேன்சர் வந்தது. ஈட்டி ஏந்திய குதிரை வீரன் என்பது அந்தப் பெயரின் பொருள்.

பேர் வாங்கிக் கொடுத்த சர்தார்ஜி!

லேன்சருக்கு உலகப் புகழ் தேடித் தந்ததில் இந்திய வம்சாவளிக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. கென்யாவில் பிறந்த சீக்கியர் ஜோகிந்தர் சிங். சேறும் புழுதியும் நிறைந்த கிழக்கு ஆப்பிரிக்கப் பாதைகளில் நடக்கும் சஃபாரி ராலி, கார்களைப் பிழிந்து எடுக்கும் போட்டி. அதில் 1974-லும் 1976-லும் லேன்சர் ஓட்டி முதலிடம் பிடித்தார் ஜோகிந்தர். 1976-ல் முதல் மூன்று இடங்களுமே லேன்சருக்குத்தான். நம் மில்கா சிங்கைப் போலவே இவரையும் 'பறக்கும் சீக்கியர்' என்றுதான் அழைத்தார்கள்.

அடுத்து வந்தவர் பின்லாந்தின் டாமி மாக்கினன். லேன்சர் எவல்யூஷன் கார்களில் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி சாம்பியன். அவர் கடைசி மூன்று பட்டங்களை வென்ற கார்களும் திருவள்ளூரில் தயாரான லேன்சரும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை. இன்ஜின் வேறு, நான்கு சக்கர இயக்கம் வேறு, சக்தியும் பல மடங்கு அதிகம். ஆனாலும் வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பிதான். டி.வி-யில் பறந்த அதே கார் நம் தெருவில் நின்றால் எப்படி இருக்கும்? 90-களின் கடைசியில் காலேஜ் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அதிகத்தூருக்கு வந்த லேன்சர்

இந்தியாவில் லேன்சரைத் தயாரித்தது மிட்சுபிஷி நேரடியாக அல்ல, அம்பாசடர் புகழ் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரித்த அதே பிர்லா நிறுவனம்தான். மண் அள்ளும் பெரிய இயந்திரங்களைத் தயாரிக்க 70-களிலேயே திருவள்ளூருக்கு வந்துவிட்டது. அந்தப் பிரிவைப் பிற்பாடு அமெரிக்காவின் கேட்டர்பில்லர் வாங்கிக்கொண்டது.

1998-ல் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தோடு அதிகத்தூரில் லேன்சர் தயாரிப்பு தொடங்கியது. அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஶ்ரீபெரும்புதூரிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்ததும், வடக்கே ஹோண்டா சிட்டி வந்ததும் அதே 1998-ல்தான். மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் அடுத்த வருடம் வந்தது. சென்னையைச் சுற்றி கார் தொழில் தலையெடுத்த நேரம் அது. அந்தக் கதையின் முதல் அத்தியாயத்திலேயே திருவள்ளூரும் இருந்தது.

1.5 லிட்டர் பெட்ரோல், 2 லிட்டர் டீசல் என இரண்டு இன்ஜின்கள். 1.8 லிட்டர் ஆட்டோமேட்டிக் பின்னால் சேர்ந்தது. 2002-ல் பஜேரோ, 2006-ல் புதிய தலைமுறை லேன்சரான சீடியா, 2008-ல் அவுட்லேண்டர், 2012-ல் பஜேரோ ஸ்போர்ட் என்று இந்தியாவில் மிட்சுபிஷி வரிசை நீண்டது.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

லேன்சர் வைத்திருப்பவர்கள் மைலேஜைப் பற்றி முதலில் பேசமாட்டார்கள். ரோட்டில் அது உட்கார்ந்து போகும் விதத்தைத்தான் சொல்வார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த விலையில் வந்த பல கார்களில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இணைந்திருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இன்னொன்றும் ஆடும். லேன்சரில் பின் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் 'மல்டி லிங்க்' சஸ்பென்ஷன். அதனால் குண்டும் குழியுமான பாதையிலும் உள்ளே இருப்பவர்களுக்கு அலுங்காது. நெடுஞ்சாலை வளைவில் வண்டி பிடித்த பிடியாகத் திரும்பும்.

இரண்டாவது, டீசல் இன்ஜின். டர்போ கிடையாது. 68 குதிரைத்திறன்தான். ஓவர்டேக் செய்ய யோசிக்கத்தான் வேண்டும். ஆனால், அமைப்பு எளிமையானது. நேரத்துக்கு ஆயிலும் பெல்ட்டும் மாற்றினால், லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும். இன்றைய டீசல் கார்களில் இருக்கும் சென்சார் தொந்தரவுகள் பெரிதாக இல்லாததால், டீசல் தெரிந்த நல்ல மெக்கானிக் கையிலேயே வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, தோற்றம். தாழ்வான, மெலிந்த, மிகையில்லாத வடிவம். 25 வருடம் கழித்துப் பார்த்தாலும் 'பழசு' என்று தோன்றாமல் 'அழகு' என்று தோன்றும் கார்கள் குறைவு.

இந்த ஆசை நமக்கு மட்டுமில்லை. இலங்கையில் 80-களின் சதுர வடிவ லேன்சரை 'பாக்ஸ் லேன்சர்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். மலேசியத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த புரோட்டான் சாகா, புரோட்டான் வீரா இரண்டுமே லேன்சர் குடும்பத்திலிருந்து பிறந்தவைதான்.

பிறகு ஏன் காணாமல் போனது?

ஹூண்டாயும் ஃபோர்டும் சொந்தப் பணத்தைப் போட்டு இங்கே தொழிற்சாலை கட்டின. கார் விற்காவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு. அதனால் புது மாடல், சர்வீஸ் சென்டர், உதிரிப் பாகம் என்று விடாமல் செலவு செய்தன. லேன்சர் விஷயத்தில் பெயர் ஒருவருடையது, தொழிற்சாலை இன்னொருவருடையது.

விளைவு? ஜப்பானில் 2000-லேயே வந்த சீடியா இங்கே வர 6 வருடம் ஆனது. அதற்குள் போட்டி கார்கள் எங்கேயோ போய்விட்டன. ஜப்பானிலும் மிட்சுபிஷிக்கு நேரம் சரியில்லை. காரில் இருந்த குறைகளைப் பல வருடங்கள் மறைத்த விவகாரம் 2000-ல் வெடித்தது. 2016-ல் மைலேஜ் கணக்கில் முறைகேடு வெளியே வந்தது. அதே வருடம் நிசான் 34 சதவிகிதப் பங்குகளை வாங்கியது.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் தடுமாறியது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. இடையில் அதிகத்தூர் ஆலையில் இன்னொரு ஜப்பான் நிறுவனமான இசுஸு தன் வண்டிகளைத் தயாரித்தது. 2016-ல் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லையில் உள்ள ஶ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்து அதுவும் போய்விட்டது. பி.எஸ்.6 விதி வந்த 2020-ஐ ஒட்டி பஜேரோ ஸ்போர்ட்டும் விற்பனையிலிருந்து விலகியது.

இதில் அடிபட்டது யார்? அந்த ஆலையை நம்பிய தொழிலாளர் குடும்பங்கள் ஒருபக்கம். ஆசையோடு கார் வாங்கிய குடும்பங்கள் இன்னொரு பக்கம். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறி எவ்வளவு நல்ல தறியாக இருந்தாலும், ஒரு சின்ன உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால் அன்றைக்கு நெசவு இல்லை. காரும் அப்படித்தான்.

பழைய லேன்சர் வாங்கலாமா?

தினமும் ஆபீஸ் போக, குழந்தையை ஸ்கூலில் விட, ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக... வீட்டில் இருக்கப்போகிற ஒரே கார் இதுதான் என்றால் வேண்டாம். ஒரு பாகத்துக்காக வாரக்கணக்கில் வண்டி நின்றால் கஷ்டம் உங்களுக்குத்தான். இரண்டாவது காராக, ஆசைக்காக என்றால் இவற்றைப் பாருங்கள்:

* ஆர்.சி. புத்தகம்: 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. கட்டணமும் பசுமை வரியும் எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்துவிட்டு, பிறகு விலை பேசுங்கள். பழைய கடன் ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்கிறதா என்பதும் முக்கியம்.

* டைமிங் பெல்ட்: எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பில் இல்லாவிட்டால், வாங்கிய உடனே மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் இன்ஜினுக்கே பெரிய செலவு வரலாம்.

* துரு: வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பாருங்கள். மேலே புது பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். அடியில் மறைக்க முடியாது.

* சூடு: ஏ.சி. போட்டு அரை மணி நேரமாவது ஓட்டி, டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

* மெக்கானிக்: காரைத் தேடும் முன் அவரைத் தேடுங்கள். லேன்சரில் கைப்பழக்கம் உள்ளவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா? சென்னை புதுப்பேட்டையில் பாகம் தேடி எடுக்கத் தெரிந்தவரா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.

புது கார் வாங்குபவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஷோரூமில் இன்ஜின், டச் ஸ்கிரீன், சன் ரூஃப் எல்லாம் கேட்கிறோம். 'இந்த கம்பெனி இந்தியாவில் எவ்வளவு முதலீடு செய்திருக்கிறது? திருத்தணியிலோ திருவள்ளூரிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? பம்பர் உடைந்தால் எத்தனை நாளில் வரும்?' என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

கடைசியாக ஒரு செய்தி. மிட்சுபிஷி என்ற பெயர் திருவள்ளூர் மாவட்டத்துக்கு மறுபடியும் வந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி அருகே 1,891 கோடி ரூபாயில் ஆலை அமைக்க 2023-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் இது கார் கம்பெனி இல்லை. பெயரும் மூன்று வைரமும் ஒன்றாக இருந்தாலும் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் தனி நிறுவனம். இம்முறை தயாராகப்போவது ஏ.சி-யும் அதற்கான கம்ப்ரஸரும்தான். சொந்தப் பணம், சொந்த ஆலை!