தலை வந்த பிறகும் ஒரு கண்டம்



பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்பார்கள் நம் பெரியவர்கள். வலி கண்டு, பனிக்குடம் உடைந்து, பிள்ளையின் தலை வெளியே வந்துவிட்டால் "அப்பாடா, இனிக் கவலை இல்லை" என்று பெருமூச்சு விடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். தலைக்குப் பின்னால் உடம்பு தானாக வந்துவிடும். ஆனால் சில பிரசவங்களில் தலை வந்த பிறகு தோள் வராமல் நின்றுவிடுகிறது. டாக்டர்கள் இதை 'ஷோல்டர் டிஸ்டோசியா' என்கிறார்கள். நாம் 'தோள் சிக்கல்' என்று வைத்துக்கொள்வோம்.

தாயின் அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பின் முன்பக்கத்தில் ஓர் எலும்பு இருக்கிறது. பிள்ளையின் ஒரு தோள் அந்த எலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. வெளியே வந்த தலை மறுபடியும் உள்ளே இழுபடுவதுபோல் தோன்றும், ஆமை தலையை இழுத்துக்கொள்வதுபோல. உள்ளே தொப்புள்கொடி நசுங்குவதால் பிள்ளைக்குப் பிராணவாயு குறைந்துபோகிறது. சில நிமிடங்களுக்குள் பிள்ளையை வெளியே எடுத்தாக வேண்டும். பிரிட்டனில் எடுத்த கணக்குகளில் ஆயிரம் பிரசவங்களுக்கு 6 அல்லது 7 இப்படி ஆகின்றன. அபூர்வம்தான். ஆனால் நம் வீட்டில் வந்தால் அது நமக்கு முழுக் கண்டம் அல்லவா?

இந்த நேரத்தில் பதற்றத்தில் செய்யத் தோன்றுகிற காரியங்கள் இரண்டு. ஒன்று, பிள்ளையின் தலையைப் பிடித்து இழுப்பது. மற்றது, மேல்வயிற்றில் கையை வைத்து அமுக்குவது. இரண்டுமே கூடாது. இழுத்தால் கழுத்து நரம்பு பாதிக்கப்படும். மேலிருந்து அமுக்கினால் மாட்டிய தோள் எலும்பில் இன்னும் இறுகும். தாயின் கர்ப்பப்பைக்கும் ஆபத்து.

பயிற்சி பெற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் உதவிக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். தாயை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு முழங்கால்களையும் மடக்கி வயிற்றோடு சேரப் பிடிக்கிறார்கள். இதற்கு ஓர் அமெரிக்க டாக்டரின் பெயரால் 'மெக்ராபர்ட்ஸ் முறை' என்று பெயர். இடுப்பெலும்பு சற்றுத் திரும்பித் தோளுக்கு வழி கிடைக்கிறது. அதே நேரத்தில் இன்னொருவர் அடிவயிற்றில், அந்த எலும்புக்குச் சற்று மேலே உள்ளங்கையால் அழுத்தித் தோளை நகர்த்துகிறார். பெரும்பாலான பிள்ளைகள் இதிலேயே பிறந்துவிடும். இல்லையென்றால் டாக்டரோ மருத்துவத் தாதியோ கையை உள்ளே விட்டு, பின்பக்கம் இருக்கும் பிள்ளையின் கையை முதலில் வெளியே கொண்டுவருவார்.

தாயைக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் நிலையில் இருக்கச் செய்வது இன்னொரு முறை. குவாத்தமாலா நாட்டு மருத்துவச்சிகளின் பழைய வழக்கம் அது. ஐனா மே காஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவச்சி 1976-இல் அதைக் கற்றுக்கொண்டு பரப்பினார். பழைய மருத்துவச்சிகளின் கைகளில் இருந்த நல்லதை இன்றைய மருத்துவமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

"நாலைந்து பேர் ஓடிவந்து என் காலை மடக்கி அமுக்கினார்கள்" என்று பிள்ளை பெற்றவள் பின்னால் சொல்லி அழுவதுண்டு. அம்மா, அது முரட்டுத்தனம் அல்ல. உங்கள் பிள்ளையின் உயிருக்காக நடந்த ஓட்டம் அது.

நான் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு பையனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. படிப்பில் கெட்டி. ஆனால் கரும்பலகையில் எழுதக் கூப்பிட்டால் இடது கையால்தான் எழுதுவான். "கிரகணத்தில் வெளியே போனாள், அதனால்தான்" என்று அவன் தாயையே பல வருஷம் குற்றம் சொன்னார்கள். உண்மையில் பிரசவத்தில் தோள் மாட்டி, கழுத்து நரம்பு இழுபட்டதன் விளைவு அது. யாரும் இழுக்காமலே, பிரசவத்தின் விசையாலும் அப்படி நேரலாம். பிறந்த பிள்ளையின் ஒரு கை அசையாமல் தொங்கினால் எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டி உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கை சரியாகிவிடும். 3 மாதமாகியும் முழங்கையை மடக்க முடியவில்லையென்றால் நிபுணரிடம் போக வேண்டும்.

இதை முன்கூட்டியே தடுக்க முடியாதா? முழுக்க முடியாது. தோள் சிக்கலில் ஏறக்குறைய பாதி, 4 கிலோவுக்குக் குறைந்த சாதாரணப் பிள்ளைகளுக்கே வருகிறது. ஆனால் ஆபத்தைக் குறைக்க வழி உண்டு. முக்கியமானது சர்க்கரை. தாய்க்கு இனிப்பு நீர் இருந்தால் பிள்ளைக்குத் தோளிலும் உடம்பிலும் கொழுப்புச் சேர்ந்து, தலையைவிடத் தோள் பெருத்துவிடுகிறது. "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று சோற்றை அள்ளிவைப்பதும், டின் பால் ஊற்றிய தேநீரை வேளைக்கு வேளை கொடுப்பதும் அன்பு ஆகாது. "குண்டுப் பிள்ளை" என்று பெருமைப்படவும் வேண்டாம்.

கிளினிக்கில் சீனித் தண்ணீர் குடிக்கவைத்து 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று அந்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். முன் பிரசவத்தில் தோள் மாட்டியிருந்தாலோ, பெரிய பிள்ளை பிறந்திருந்தாலோ மிசியிடம் சொல்லிப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தடவை தோள் மாட்டியவளுக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "என் பாட்டி லயத்திலேயே பத்துப் பெற்றாள்" என்று வாதாடாதீர்கள். அந்தப் பத்தில் எத்தனை தங்கின என்று பாட்டியிடம் கேட்டால் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வழியிலேயே பிள்ளையின் தலை வந்து தோள் நின்றுவிட்டால்? 999-ஐக் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தலையை இழுக்காதீர்கள். மேல்வயிற்றை அமுக்காதீர்கள். தாயை மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு பேர் முழங்கால்களை வயிற்றோடு மடக்கிப் பிடியுங்கள். பிறகு முக்கச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் தவழும் நிலைக்கு மாற்றுங்கள். பிள்ளை நல்லபடி பிறந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும். தாய்க்கு அதிக இரத்தப்போக்கு ஏற்படலாம்.

கணவன்மார்களே, இது பெண்கள் பக்கம் என்று புரட்டிவிடாதீர்கள். ஆறாவது மாதமே காருக்கும் ஆளுக்கும் பேசிவைப்பது உங்கள் வேலை. கிளினிக் நாளன்று மனைவியோடு போய் உட்காருங்கள். புத்தகத்தில் டாக்டர் எழுதியிருப்பது என்ன என்று நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.