‘முதல்’ என்னும் சொல் யாருக்கு உரியது?

தாராவித் தமிழருக்குத் தொழில்முனைவு மனப்பான்மையை ஊட்ட வேண்டும் என்னும் வாசகம் நம் கல்விப்புல மேடைகளில் சலிப்பின்றி ஒலிக்கிறது. அதை நான் மறுக்கிறேன். தோல் பட்டறையும் இட்லித் தொழிலும் தம் கையாலேயே நிறுவியவர்களுக்குக் குறைவது மனப்பான்மை அன்று, முதல்.

அந்த முதல் எங்கே தடைபடுகிறது? வரையறையில். 2019 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, தனியார் வரையறு நிறுவனமாகவோ, பதிவு பெற்ற கூட்டாண்மையாகவோ, வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையாகவோ இருப்பதே ‘ஸ்டார்ட்அப்’ ஆக முடிந்தது. தனி உரிமையாளர் நடத்தும் பட்டறைக்கு அதில் இடமில்லை. ஏற்கெனவே உள்ள தொழிலைப் பிரித்தோ மறுசீரமைத்தோ உருவாக்கியதும் தகுதி பெறாது. தந்தையின் பட்டறையை நிறுவனமாக்க நினைக்கும் மகன் முதற்படியிலேயே இடறுகிறான். 2021இல் 945 கோடி ரூபாயில் தொடங்கிய விதை நிதித் திட்டம் 20 லட்சம் வரை மானியமும், 50 லட்சம் வரை கடனாகவோ மாற்றத்தக்க கடனீடாகவோ முதலீடும் தருகிறது. ஆயினும், பதிவாகி இரண்டாண்டுக்கு மேற்படாத, தொழில்நுட்பத்தை மையமாகக் கொண்ட நிறுவனங்களுக்கே அது உரியது.

“பன்மடங்கு பெருகாத தொழிலில் எவர் பங்கு முதலீடு செய்வார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எது பெருகும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பவர் யார்? 2005இல் பெங்களூரில் முஸ்தஃபாவும் அவர்தம் உறவினரும் ஒரு சிறு சமையலறையில் இட்லி மாவு அரைக்கத் தொடங்கினர். அந்த ஐடி ஃபிரெஷ் நிறுவனத்தில் ஹீலியன் முதலீட்டு நிறுவனம் பணம் போட்டது 2014இல். இடைப்பட்ட ஒன்பதாண்டுகளைத் தாங்கியது உறவினர் கைம்முதலும் விற்பனை வரவுமே. தாராவியில் வைகறைக்கு முன்பே இட்லி அவித்து நகரெங்கும் அனுப்புவோருக்கு அந்த ஒன்பதாண்டுகளைத் தாங்கும் பணம் யாரிடம் இருக்கிறது?

முத்ரா கடன் இருக்கிறதே என்பர். 2015 முதல் பிணையின்றி 10 லட்சம் வரை கிடைக்கிறது. முந்தைய கடனை ஒழுங்காக அடைத்தவர்க்கு 2024இல் உச்சவரம்பு 20 லட்சமாயிற்று. நல்லதே. ஆயினும் கடன் என்பது, தொழில் தோற்றாலும் தவணை கேட்கும் பணம். பங்கு முதலீடு தோல்வியைப் பகிர்ந்துகொள்ளும் பணம். தோற்கும் உரிமை ஒரு சாராருக்கும், திருப்பிச் செலுத்தும் கடமை மறுசாராருக்கும் என்பதே இன்றைய பங்கீடு. இடைவெளியை நிரப்புவது ஏலச்சீட்டு. அவசரத் தேவையுள்ளவர் பெருந்தள்ளுபடி கொடுத்துச் சீட்டை எடுக்கிறார். அவர் இழப்பே ஏனையோரின் ஆதாயம்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் ‘முதல்’ என்றால் தொடக்கமும் மூலதனமும் ஒன்றே. முதல் போட்டவரே முதலாளி. பேரேடு, ஐந்தொகை, பற்று, வரவு என வணிகம் முழுவதையும் எழுதிவைத்த மொழி இது. இந்த மொழியில் கணக்கை மனத்தில் வைத்திருப்பவரிடம் பன்னிரண்டு படத்தாள்களில் ஆங்கில விளக்கவுரை கேட்பது தகுதித் தேர்வன்று, வடிகட்டல். அதிலும் கொடியது ஒப்பந்தம். நிறுவனம் விற்கப்படுகையில் முதலீட்டாளர் தம் தொகையை முதலில் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை விதி பல பங்கு ஒப்பந்தங்களில் உண்டு. அதைத் தம் மொழியில் படிக்காமல் கையெழுத்திடுபவர் தம் பட்டறையிலேயே கூலியாளாகக்கூடும்.

வரையறைகள் மாறா விதிகள் அல்ல. தமிழ்நாடு அரசு பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோர்க்கென 2022–23இல் 30 கோடி ரூபாயில் தனி நிதியம் தொடங்கி, பங்கு முதலீடாகவே பணம் தருகிறது. அது தமிழ்நாட்டோடு நிற்கிறது. மகாராட்டிரத்தில் அத்தகைய ஏற்பாட்டைக் கேட்கும் குரல் நம் துறைகளிலிருந்து எழவில்லை.

ஆய்வாளத் தோழர்களே, ‘மனப்பான்மை’ குறித்த அடுத்த கருத்தரங்கை ஒத்திவையுங்கள். விதை நிதி விண்ணப்பத்தையும் பங்கு ஒப்பந்தத்தின் முக்கிய விதிகளையும் தமிழிலும் மராத்தியிலும் எழுதுவோம். பத்தாண்டுச் சீட்டுக் குறிப்பேட்டைக் கடன் நம்பகத்தின் சான்றாக ஏற்குமாறு வங்கிகளைக் கேட்போம். கல்யாணிலிருந்து தாராவிக்குச் செல்ல ஒரு மணி நேரமே ஆகும். நம் துறைகள் அந்தத் தொலைவை இன்னும் கடக்கவில்லை.